நெருப்பில் பிறந்த நிலம்

நுழையும்முன்

நிலம் மிகத் தொன்மையானது. மனிதன் அதன்மேல் நேற்று வந்தவன் என்பதே நாம் அறிந்த உண்மை. ஆனால், ஊரில் வாழும் முதியவரைவிட வயதில் இளைய நிலமும் உலகில் உண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு அத்தகைய நிலங்களைக் கொண்டது. அங்கு எரிமலை பொங்கிக் கடலைச் சேரும்போது தீவின் எல்லை சற்றே விரிகிறது. கல் மண்ணாகிறது, மண்ணில் காடு முளைக்கிறது. அத்தீவின் மண்ணைத் திருத்தியவர்களுள் தமிழகத்திலிருந்து சென்றோர் பல்லாயிரவர். ஒரு நிலம் பிறக்கும் முறையையும் அந்நிலத்தில் மனிதர் வேரூன்றும் முறையையும் ஒருசேரக் காட்டுவது ரீயூனியன்.

அமைவிடம்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கே மடகாசுகர் என்னும் பெருந்தீவு உள்ளது. அதற்கும் கிழக்கே ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவில் ரீயூனியன் அமைந்துள்ளது. தமிழர் நன்கறிந்த மொரீசியசு இதன் அண்டைத் தீவு. ரீயூனியனின் பரப்பளவு ஏறத்தாழ 2,500 சதுர கி.மீ. தலைநகர் சேன்தெனி. 1946ஆம் ஆண்டு முதல் இத்தீவு பிரான்சு நாட்டின் கடல்கடந்த மாவட்டமாக விளங்குகிறது. எனவே, ஆட்சிமொழி பிரெஞ்சு, நாணயம் யூரோ. எனினும், வீட்டிலும் வீதியிலும் மக்கள் பேசுவது கிரெயோல் மொழியையே. பிரெஞ்சு, மலகாசி, தமிழ் முதலிய பல மொழிச் சொற்கள் கலந்து உருவான மொழி அது.

கடலடியில் ஓர் உலை

பூமியின் மேலோடு பல புவித்தட்டுகளால் ஆனது. பெரும்பாலான எரிமலைகள் இத்தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களிலும் விலகும் இடங்களிலும் தோன்றுகின்றன. ரீயூனியன் அவ்வாறு தோன்றியதன்று. அதன் அடியில், பூமியின் ஆழத்திலிருந்து மிகுந்த வெப்பம் மேலெழும் ஓரிடம் உள்ளது. இதனை ‘வெப்பப்புள்ளி’ என்பர். வெப்பப்புள்ளி ஏறத்தாழ அதே இடத்தில் நிற்க, அதன் மேலுள்ள புவித்தட்டு மெல்ல நகர்கிறது. நிலையான சுடரின்மேல் ஓலையொன்றை மெதுவாக நகர்த்தினால் வரிசையாகக் கருகிய தடங்கள் விழும். அவ்வாறே நகரும் தட்டின்மேல் எரிமலைகளும் வரிசையாகத் தோன்றின.

இந்த வரிசையின் தொடக்கம் நம் நாட்டிலேயே உள்ளது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பகுதி இவ்வெப்பப்புள்ளியின்மேல் கடந்து சென்றது. அப்போது பொங்கிய பாறைக்குழம்பு அடுக்கடுக்காகப் பரவித் தக்காணத்தின் பசால்ட் பாறைப் பரப்பாயிற்று. பின்னர், தட்டு வடக்கு நோக்கி நகர நகர, இலட்சத்தீவு, மாலத்தீவு ஆகியவற்றின் அடித்தளங்கள் உருவாயின. ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மொரீசியசு எழுந்தது. இவ்வரிசையின் இளைய தீவு ரீயூனியன். அது கடலுக்கு மேல் தலைகாட்டி ஏறத்தாழ 20 முதல் 30 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. மகாராட்டிரத்தின் பாறையும் ரீயூனியனின் பாறையும் ஒரே உலையில் வெந்தவை என்பது வியப்பிற்குரியது.

மகாராட்டிரத்தின் கரிசல் மண் அந்தப் பசால்ட் பாறை சிதைந்து உருவானது. சங்கரன்கோவில், இளையரசனேந்தல், கோவில்பட்டி வட்டாரங்களிலும் கரிசல் பரந்து கிடக்கிறது. ஆனால், எரிமலைப் பாறைப் பரப்பு தமிழகம் வரை நீளவில்லை. இங்குள்ள கரிசல், இரும்புச்சத்து மிக்க பழம்பாறைகள் சிதைந்து உண்டானது. நிறம் ஒன்றாயினும் பிறப்பு வேறு. மண்ணின் நிறத்தைக் கொண்டே அதன் வரலாற்றைச் சொல்லிவிட இயலாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இரு மலைகள்

ரீயூனியன் இரண்டு எரிமலைகளால் ஆன தீவு. வடமேற்கில் இருப்பது பித்தோன் தே நேழ். ‘பனிச்சிகரம்’ என்பது இதன் பொருள். 3,070 மீட்டர் உயரமுள்ள இச்சிகரம் தீவின் மிக உயர்ந்த இடமாகும். இது பொங்கி ஓய்ந்து ஏறத்தாழ 12,000 ஆண்டுகள் ஆகின்றன. தென்கிழக்கில் இருப்பது பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். ‘உலைச்சிகரம்’ என்பது இதன் பொருள். இதன் உயரம் ஏறத்தாழ 2,630 மீட்டர். உலகில் மிகுதியாகப் பொங்கும் எரிமலைகளுள் இஃது ஒன்று. பதினேழாம் நூற்றாண்டு முதல் 150 முறைக்கும் மேலாக இது பொங்கியுள்ளது. கண்ணுக்குத் தெரியும் மலை தீவின் மேற்பகுதி மட்டுமே. கடலடித் தளத்திலிருந்து அளந்தால் இதன் மொத்த உயரம் ஏறத்தாழ 7,000 மீட்டர்.

அணைந்த எரிமலையின் உச்சியைச் சுற்றி மூன்று பெரும்பள்ளத்தாக்குகள் உள்ளன. அவை சிலாவோஸ், சலாசி, மஃபாத் எனப்படும். சரிவுகளும் ஆறுகளின் அரிப்பும் பல்லாயிரம் ஆண்டுகளாக மலையைக் குடைந்து இவற்றை உருவாக்கின. செங்குத்தான பாறைச் சுவர்களால் சூழப்பட்ட இப்பள்ளத்தாக்குகளைக் கோட்டைகள் எனலாம். மஃபாத் பள்ளத்தாக்கிற்கு இன்றும் சாலை கிடையாது. அங்குள்ள சிற்றூர்களுக்கு நடந்தோ ஹெலிகாப்டரிலோ மட்டுமே செல்ல இயலும். மக்கள் கதிரொளி மின்சாரத்தைக் கொண்டு விளக்கேற்றுகின்றனர்.

உயிர்ப்புள்ள எரிமலையின் உச்சியோ வேறோர் உலகம். ஏறத்தாழ 8 கி.மீ. அகலமுள்ள குதிரைலாட வடிவப் பெருவாய் ஒன்று அங்கே உள்ளது. அதன் கிழக்குப் பக்கம் கடலை நோக்கித் திறந்திருக்கிறது. எரிகுழம்பு பெரும்பாலும் அவ்வழியே இறங்குவதால், பிற பக்கங்களில் உள்ள ஊர்கள் காப்பாற்றப்படுகின்றன. எரிகுழம்பு பாயும் அச்சரிவுக்குக் ‘கிராந் புருலே’, அதாவது ‘பெருங்காந்தல்’, என மக்கள் பெயரிட்டுள்ளனர். இம்மலைகளும் பள்ளத்தாக்குகளும் பாறைச் சுவர்களும் 2010இல் யுனெசுகோவின் உலக மரபுச்சின்னப் பட்டியலில் இடம்பெற்றன.

மழையின் தீவு

நெருப்பு எழுப்பிய மலையை நீர் செதுக்குகிறது. கடற்காற்று கிழக்கிலிருந்து வீசி உயர்ந்த மலையில் மோதுவதால் தீவின் கிழக்குப் பகுதியில் பெருமழை பொழிகிறது. புயற்காலத்தில் அம்மழை அளவு கடந்துவிடும். 1966 சனவரியில் ஒரே நாளில் 1,825 மி.மீ. மழை பதிவானது. 2007 பிப்ரவரியில் ‘கமேத்’ புயலின்போது எரிமலைச் சரிவில் மூன்று நாள்களில் 3,929 மி.மீ. மழை பெய்தது. இவ்விரண்டும் உலகச் சாதனைகள். தமிழகத்தில் நான்கு ஆண்டுகளில் பெய்யும் சராசரி மழை அங்கே மூன்று நாள்களில் கொட்டித் தீர்த்தது.

மலையின் மறுபக்கமாகிய மேற்குக் கடற்கரையோ வறண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒருபுறத்தில் கேரளம் பசுமை பூத்திருக்க, மறுபுறத்தில் சங்கரன்கோவில் வட்டாரம் மழையை எதிர்நோக்கி நிற்பதைப் போன்றது இது. மழைமறைவு என்னும் இக்குறையை ரீயூனியன் மக்கள் பொறியியலால் ஈடுசெய்தனர். மலையைக் குடைந்து நெடுஞ்சுரங்கங்கள் அமைத்து, நீர்வளம் மிக்க பள்ளத்தாக்குகளின் நீரை மேற்கு வயல்களுக்குக் கொண்டுவந்தனர்.

பாறையில் முளைக்கும் பசுமை

எரிகுழம்பு ஆறிய பின் எஞ்சுவது கரிய வெறும் பாறை. அதில் மண் இல்லை. விதை ஊன்ற இடமும் இல்லை. அங்கு முதலில் குடியேறுவது லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒன்றுக்கொன்று துணையாகி வாழும் உயிர் அது. ஈரம் மிகுந்த கிழக்குச் சரிவில் ஓரிரு ஆண்டுகளிலேயே பாறை சாம்பல்நிறப் போர்வை போர்த்திக்கொள்கிறது. லைக்கன் பாறையை மெல்ல மெல்லச் சிதைக்கிறது, மடிந்து மட்குகிறது. அந்தச் சிறிதளவு மட்கில் பெரணிகள் வேர்விடுகின்றன. பெரணிகள் மடிந்த இடத்தில் புதர்கள் எழுகின்றன. பின்னரே மரங்கள் வருகின்றன. முழுமையான காடு உருவாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். எரிகுழம்பு பரவிய ஆண்டுகள் பதிவாகியுள்ளமையால், கடற்கரைச் சாலையில் செல்லும் மாணவர் ஒவ்வொரு பாறைப் பரப்பையும் ஒப்பிட்டு, காடு வளரும் பருவங்களை நேரில் கற்கலாம்.

இத்தீவு எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் இணைந்திருந்ததில்லை. எனவே, காற்றிலும் கடலிலும் பறவையின் சிறகிலும் வந்து சேர்ந்த உயிர்களே இங்குத் தழைத்தன. காலப்போக்கில் அவை மாறி, உலகில் வேறெங்கும் இல்லாத ஓரிடவாழ் உயிரினங்களாயின. பரோ பெட்ரல் என்னும் கடற்பறவை பனிச்சிகரத்தின் உயர்ந்த பாறை முகடுகளில் மட்டுமே கூடு கட்டுகிறது. அதன் குஞ்சுகள் முதன்முறையாக இரவில் கடலை நோக்கிப் பறக்கும்போது, ஊர்களின் மின்விளக்கொளியில் மயங்கித் தரையில் விழுந்துவிடுகின்றன. இதைத் தடுக்க, அப்பருவத்தில் பல ஊர்கள் தெருவிளக்குகளை அணைத்துவிடுகின்றன. ஒரு பறவைக்காக இருளை ஏற்கும் ஊர் போற்றத்தக்கது.

| தெரிந்து தெளிவோம் |
| இந்தியாவிலும் உயிர்ப்புள்ள எரிமலைத் தீவு ஒன்று உண்டு. அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவே அது. 1787இல் அது பொங்கியமை பதிவாகியுள்ளது. நெடுங்காலம் ஓய்ந்திருந்த அவ்வெரிமலை 1991 முதல் மீண்டும் பொங்கி வருகிறது. அத்தீவில் மனிதர் எவரும் வாழவில்லை. |

மனிதர் வந்த வழி

பதினேழாம் நூற்றாண்டு வரை ரீயூனியனில் மக்கள் வாழவில்லை. எனவே, அத்தீவில் ‘பழங்குடியினர்’ என எவரும் இலர், அனைவரும் வந்தேறியவர்களே. ஆனால், அனைவரும் விரும்பி வந்தவர்கள் அல்லர். பிரெஞ்சுக்காரர் காப்பித் தோட்டங்களையும் பின்னர்க் கரும்புத் தோட்டங்களையும் அமைத்தனர். அவற்றில் உழைக்க மடகாசுகரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். இந்தியாவிலிருந்தும் சிலர் அவ்வாறு கொண்டுவரப்பட்டனர். கொடுமை பொறாது தப்பியோடியவர்களுக்கு எரிமலைப் பள்ளத்தாக்குகளே அடைக்கலமாயின. சிலாவோஸ் என்னும் பெயர் மலகாசி மொழியிலிருந்து வந்தது. ‘விட்டு நீங்காத இடம்’ என அதற்குப் பொருள் கூறுவர். மஃபாத் என்பது தப்பிவந்தோர் தலைவர் ஒருவரின் பெயர்.

அடிமை வாழ்வின் இருளில் ஓர் ஒளிக்கீற்றும் உண்டு. மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட வெனிலாக் கொடி இத்தீவில் பூத்தது. ஆனால், மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சி இங்கு இல்லாமையால் காய்க்கவில்லை. 1841இல் எட்மோன் அல்பியுஸ் என்னும் 12 வயதுச் சிறுவன், மெல்லிய குச்சியால் பூவின் உட்சவ்வை விலக்கி, விரலால் அழுத்தி, மகரந்தத்தைச் சேர்த்துவைக்கும் எளிய முறையைக் கண்டறிந்தான். அவன் ஓர் அடிமை. உலகெங்கும் வெனிலாத் தோட்டங்களில் இன்றளவும் கையாளப்படுவது அம்முறையே. அக்கண்டுபிடிப்பால் தோட்ட உரிமையாளர்கள் செல்வம் ஈட்டினர். அல்பியுஸோ 1880இல் வறுமையில் இறந்தார்.

1848 திசம்பர் 20 அன்று தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 60,000க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். அந்நாள் இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழர் காலடி

விடுதலை பெற்றோர் பலர் தோட்டங்களுக்குத் திரும்ப விரும்பவில்லை. எனவே, தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்தும், 1860ஆம் ஆண்டின் ஆங்கில-பிரெஞ்சு உடன்பாட்டிற்குப் பின் சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. பஞ்சமும் கடனும் துரத்த, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு இட்டுக் கடல் கடந்தோர் பல்லாயிரவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியன் சென்ற இந்தியத் தொழிலாளர் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். தீவை அடைந்ததும் கிராந்த் ஷலூப் என்னுமிடத்தில் இருந்த தொற்றுத்தடை விடுதியில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். அக்கட்டடத்தின் எச்சங்கள் இன்றும் நினைவிடமாகக் காக்கப்படுகின்றன. தொழிலாளர் கொடுமையாக நடத்தப்படுவதாக முறையீடுகள் பெருகியதால் 1882இல் ஆங்கில அரசு இக்குடியேற்றத்தை நிறுத்தியது.

எரிமலைச் சரிவின் கற்களைப் பொறுக்கிக் குவித்து, கரும்பு நட்டு, வெட்டி, ஆலைக்குச் சுமந்தவர்கள் இவர்கள். வெறும்பாறையில் முதலில் படர்ந்து, பின்வரும் உயிர்களுக்காக மண்ணை உருவாக்கும் லைக்கனை இவர்களுக்கு ஒப்பிடலாம். இவர்கள் ‘மலபார்’ என அழைக்கப்பட்டனர். இப்பெயர் இன்றளவும் வழங்குகிறது. தந்தையின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவு செய்யப்பட்டது. ஆகவேதான் ராமசாமி, வீரப்பிள்ளை போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் உருமாறி அங்கே குடும்பப் பெயர்களாக நிலைத்துள்ளன.

இவர்கள் இழந்தது மொழியை. தலைமுறைகள் கடக்கப் பேச்சுமொழி கிரெயோல் ஆயிற்று. கல்விமொழி பிரெஞ்சு ஆயிற்று. ஆனால், மொழி முற்றிலும் மறையவில்லை. அடுக்களையிலும் கோயிலிலும் அது ஒதுங்கிக்கொண்டது. கறிவேப்பிலை அங்கே ‘கலுப்பிலே’, கொத்தமல்லி ‘கொத்தொமிலி’, முருங்கை ‘முரும்’, பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’, இரசம் ‘ரசோன்’. இச்சொற்களைத் தமிழர் மட்டுமன்றித் தீவினர் அனைவரும் பேசுகின்றனர். சோறும் ‘கறி’யும் அனைவருக்கும் பொது உணவு.

தோட்டத்து ஆலைகளின் அருகே எளிய குடில்களாகத் தொடங்கிய வழிபாட்டிடங்கள், பின்னாளில் கோபுரங்களுடன் கூடிய கோயில்களாக வளர்ந்தன. சேன்தாந்த்ரே, சேன்தெனி, சேன்பியேர் முதலிய ஊர்களில் அவற்றைக் காணலாம். திரௌபதி அம்மனுக்குரிய தீமிதி விழா அங்குப் பெருஞ்சிறப்புடன் நிகழ்கிறது. பாரதக் கதையைத் தமிழில் பாடி ஆடும் கூத்தினைப் ‘பல் தமூல்’, அதாவது ‘தமிழ் ஆட்டம்’, என்பர். பொருள் அறியாத நிலையிலும் பாடலின் ஒலியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தோர் பலர். இன்று சங்கங்கள் நடத்தும் வகுப்புகளில் இளையோர் தமிழ் எழுத்துகளைக் கற்கின்றனர். முன்னோர் ஒலியாகக் காத்ததன் பொருளைத் தேடுகின்றனர்.

எரிமலையோடு வாழ்தல்

எரிமலை பொங்கும் செய்தி பரவியதும் ரீயூனியன் மக்கள் அதனைக் காணத் திரள்கின்றனர். அதன் எரிகுழம்பு பெரும்பாலும் நீர்த்தன்மையுடன் வழிந்தோடுவதால், பெருவெடிப்புகள் அரிது. எனினும், அச்சத்திற்கு இடமில்லை என்று கூற இயலாது. 1977 ஏப்ரலில் எரிகுழம்பு வழக்கமான பாதையை விட்டு விலகி, பித்தோன் சேன்த் ரோஸ் என்னும் ஊருக்குள் புகுந்தது. வீடுகள் எரிந்தன. அங்குள்ள மாதா கோயிலைச் சூழ்ந்த குழம்பு வாயிலில் உறைந்து நின்றது. மக்கள் வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு நேரவில்லை. இறைவியின் அருள் என்றனர் மக்கள். அறிவியல் அறிஞர்களோ, இனி முன்கூட்டியே அறிய வேண்டும் என்றனர். 1979இல் எரிமலை ஆய்வகம் நிறுவப்பட்டது.

பாறைக்குழம்பு மேலெழுகையில் மலை மிகச் சிறிதளவு வீங்குகிறது. நுண்ணிய நில அதிர்வுகள் பெருகுகின்றன. வெளியேறும் வளிமங்கள் மாறுகின்றன. ஆய்வகக் கருவிகள் இவற்றை இரவும் பகலும் கண்காணிக்கின்றன. அறிகுறிகள் கூடினால் பெருவாய்ப் பகுதிக்குச் செல்லும் வழிகள் மூடப்படுகின்றன. 2007 ஏப்ரலில் நிகழ்ந்த பெரும்பொங்கலின்போது உச்சிக் குழிவாயின் தளம் 300 மீட்டருக்கும் மேல் இடிந்து தாழ்ந்தது. எரிகுழம்பு சாலையை மூடிக் கடலில் பாய்ந்தது. ஆழ்கடல் மீன்கள் இறந்து மிதந்தன. தீவிற்குப் புதிய நிலம் சேர்ந்தது. அப்போதும் உயிர்கள் காக்கப்பட்டன. குழம்பு ஆறியதும் அதன்மேல் மீண்டும் சாலை அமைத்தனர்.

நிறைவாக

ரீயூனியனில் நெருப்பு நிலத்தைத் தந்தது. மழை அதனைச் செதுக்கியது. லைக்கனும் பெரணியும் அதனைப் பண்படுத்தின. பின்னர், அடிமைகளாகவும் ஒப்பந்தத் தொழிலாளராகவும் வந்த மனிதர்கள் அதனை விளைநிலமாக்கினர். ஊரும் உறவும் மொழியும் பறிபோன நிலையில் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் ஒரு கதைப்பாட்டையும் கைவிடாமல் காத்த எளிய மக்களின் வரலாறு, எரிமலையின் வரலாற்றைவிடச் சிறியதன்று. நிலத்தின் அழகைக் காண்பவர் அதனை உருவாக்கிய உழைப்பையும் காணவேண்டும். அவ்வாறு காணும் கண்ணுக்குத் தொலைதூரத் தீவின் கரும்பாறையும் நம் ஊரின் கரிசலும் வரலாறு பேசும்.

கற்பவை கற்றபின்

1. வெறும்பாறை காடாக மாறும் படிநிலைகளை வரிசைப்படுத்தி ஒரு படவிளக்கம் உருவாக்குக.

2. மழைமறைவுப் பகுதி என்பதனை மேற்குத் தொடர்ச்சி மலையோடும் ரீயூனியன் மலைகளோடும் ஒப்பிட்டு ஒரு பத்தியில் எழுதுக.

3. ‘மொழியை இழந்தோர் சொற்களைக் காத்தனர்’ – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

4. உங்கள் ஊர் மண்ணின் வகை, அது உருவான முறை, அதில் விளையும் பயிர்கள் ஆகியவற்றை ஊர்ப் பெரியோரிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.